கெக்கோ ஸ்டார்டர் கிட் வாங்கலாமா? பெட்டியைப் பிரித்துப் பார்த்ததில் தெரிந்தது

கெக்கோ என்ற வளர்ப்புப் பல்லிக்கான இந்த ஸ்டார்டர் கிட்டுக்கு என் மதிப்பெண் ஐந்துக்கு ஒன்றரை. அந்த ஒன்றரையும் கண்ணாடித் தொட்டிக்கும் அதன் மேல் வரும் வலை மூடிக்கும் மட்டும்தான். மற்றதில் பாதி உதவாது, சிலது உபத்திரவம், எது இல்லாமல் முடியவே முடியாதோ அது பெட்டியிலேயே இல்லை.

"லெப்பர்ட் கெக்கோவுக்குத் தேவையான எல்லாமே ஒரே பெட்டியில்" என்று போட்டு விற்கும் கிட்களில் ஒன்று இது. நிறுவனத்தின் பெயரைச் சொல்லப் போவதில்லை, ஏனென்றால் இந்தக் குறைகள் இந்த ஒரு பெட்டிக்கு மட்டும் சொந்தம் இல்லை. அட்டை மேல் இருக்கிற படத்தை மாற்றிவிட்டால் சந்தையில் கிடைக்கிற பல கிட்களும் இதேதான். என் தம்பி மகள் கெக்கோ வேண்டும் என்று வெகு நாளாகக் கேட்டுக்கொண்டிருந்தாள். தம்பி இதை வாங்கி வைத்துவிட்டு, "அக்கா, நீதான் வளர்க்கிறியே, வந்து செட் பண்ணிக் கொடு" என்றான். நல்லவேளை, பல்லி இன்னும் வீட்டுக்கு வந்திருக்கவில்லை. காலித் தொட்டியை வைத்து ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்து, அளந்து, அப்புறம்தான் இதை எழுதுகிறேன்.

உள்ளே என்ன இருந்தது? 45 செ.மீ. நீளம், 30 செ.மீ. அகலம், 30 செ.மீ. உயரத்தில் ஒரு தொட்டி. அடியில் ஒட்டிச் சூடேற்றும் ஹீட் மேட். சிவப்பு பல்பு ஒன்று, அதற்கான கிண்ணம் போன்ற மூடி. ஒரு பை கால்சியம் மணல். முள் வைத்த வெப்பமானி, ஈரப்பதமானி. பிளாஸ்டிக் செடி, ஒரே ஒரு குகை, இரண்டு தட்டு, சின்னப் பொட்டலத்தில் கால்சியம் பொடி, உலர்த்திய மீல்வோர்ம் புழு டப்பா, ஒரு கையேடு. பார்க்க நிறையத்தான் இருக்கிறது. மேசை மேல் பரப்பி வைத்தால் எல்லாம் கிடைத்துவிட்ட மாதிரியே தோன்றும்.

சூடு அளவைத் தாண்டாமல் நிறுத்துகிற தெர்மோஸ்டாட் மட்டும் இல்லை. யானையை வாங்கிக் கொடுத்துவிட்டு அங்குசத்தைக் கடையிலேயே வைத்துக்கொண்ட கதை.

இது ஏன் இவ்வளவு பெரிய குறை என்று கேட்பவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கமாகவே சொல்கிறேன். ஹீட் மேட்டுக்கு எப்போது நிறுத்த வேண்டும் என்று தெரியாது. மின்சாரம் வருகிற வரை சூடாகிக்கொண்டே இருக்கும். லெப்பர்ட் கெக்கோவுக்குத் தொட்டியின் சூடான பக்கத்தில் தரை வெப்பம் 32 முதல் 34 டிகிரி செல்சியஸ் இருந்தால் போதும், குளிர்ந்த பக்கம் 22 முதல் 25 வரை. கிட்டில் வந்த மேட்டை நேராகச் சொருகி, மேலே மெல்லியதாக மணலைப் பரப்பி, இன்ஃப்ராரெட் வெப்பமானியை நீட்டிப் பார்த்தால் தரை 46 டிகிரி காட்டியது. இன்னும் ஏறிக்கொண்டிருந்தது, நான் பிடுங்கிவிட்டேன். சூடு பட்டால் பல்லி விலகிப் போய்விடும்தானே என்று நினைக்கத் தோன்றும். எல்லா நேரமும் அப்படி நடப்பதில்லை. மேலிருந்து வரும் வெயிலை உணர்கிற அளவுக்கு அடியிலிருந்து வரும் சூட்டை ஊர்வன சரியாக உணர்வதில்லை, அதனால் வயிறு வெந்து புண்ணாகிற வரை அதே இடத்தில் படுத்திருக்கிற பல்லிகள் உண்டு. கெக்கோ பார்க்கிற மருத்துவர்களிடம் கேட்டால் வயிற்றுத் தீக்காயம் எவ்வளவு சாதாரணமாக வருகிறது என்று சொல்வார்கள். சூடேற்றும் கல் என்று தனியாக ஒன்று விற்கிறார்களே, அதுவும் இதே வகைதான், அந்தப் பக்கமே போக வேண்டாம்.

ஆகவே புரோப் (கம்பி முனையில் இருக்கும் வெப்ப உணரி) வைத்த தெர்மோஸ்டாட் கட்டாயம். புரோப்பின் முனையை மேட்டுக்கு நேர் மேலே, பல்லி உண்மையில் படுக்கிற தரையில் வைக்க வேண்டும். காற்றில் தொங்கவிட்டால் காற்றின் சூட்டைத்தான் அளக்கும், அதற்குள் தரை கொதித்துவிடும். பல்லி புரோப்பை இழுத்துப் போடாதபடி பொருத்துங்கள், ஆனால் தொட்டிக்குள் ஒட்டும் டேப் எதையும் பயன்படுத்தாதீர்கள். டேப்பில் ஒட்டிக்கொண்ட பல்லியின் தோலைப் பிரிப்பது பெரிய பாடு.

அடுத்தது அந்த முள் வெப்பமானி. கண்ணாடிச் சுவரில் ஒட்டுகிற வகை. தரை 46 இருந்த அதே நேரத்தில் இது நிதானமாக 28 காட்டிக்கொண்டிருந்தது. பொய் சொல்கிறது என்றுகூடச் சொல்ல முடியாது, சுவரோரக் காற்றை அளக்கிறது, அவ்வளவுதான். ஆனால் வாங்குகிறவர் 28 என்று பார்த்து, "சூடு போதவில்லையே" என்று பல்பையும் சேர்த்துப் போடுவார். விபத்து இப்படித்தான் ஆரம்பிக்கிறது. டிஜிட்டல் புரோப் வெப்பமானி இரண்டு, பக்கத்துக்கு ஒன்று, முடிந்தால் கையில் பிடிக்கிற இன்ஃப்ராரெட் ஒன்று. ஈரப்பதத்துக்கும் டிஜிட்டல்தான்.

சிவப்பு பல்பு. "இரவில் பல்லிக்குச் சிவப்பு வெளிச்சம் தெரியாது" என்று கையேட்டில் எழுதியிருக்கிறார்கள். கெக்கோக்களின் கண் நம் கண்ணைப் போல இல்லை. மங்கிய நிலா வெளிச்சத்தில் நமக்கு எல்லாம் சாம்பல் நிறமாகத் தெரிகிற நேரத்திலும் அவற்றால் நிறம் பிரித்துப் பார்க்க முடியும். ஹெல்மெட் கெக்கோ என்ற இனத்தை வைத்து 2004இல் வெளியான ஆய்வு, நிறம் காண்கிற வரம்பில் அதன் கண் மனிதக் கண்ணைவிட 350 மடங்கு உணர்திறன் கொண்டது என்று கணக்கிட்டது. அப்படிப்பட்ட கண் முன்னால் ராத்திரி முழுக்க சிவப்பு பல்பு எரிந்தால் ராத்திரியும் பகலும் எப்படிப் பிரியும்? வீட்டுக்குள் இரவில் 18 டிகிரிக்குக் கீழே போகாத இடமாக இருந்தால் இரவுச் சூடே தேவையில்லை. அதற்கும் கீழே போகும் என்றால் வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர் இருக்கிறது, அதையும் தெர்மோஸ்டாட்டில்தான் மாட்ட வேண்டும். பகலுக்கு நல்ல வழி, மேலிருந்து குறைந்த வாட் ஹாலோஜன் பல்பு. வெயில் மாதிரி உடம்புக்குள் இறங்கும் சூட்டைத் தரும், கீழே ஒரு கல்பலகை வைத்தால் விளக்கணைந்த பிறகும் கொஞ்ச நேரம் கதகதப்பாக இருக்கும்.

யூவிபி, அதாவது வெயிலில் இருக்கிற ஒரு வகைப் புற ஊதாக் கதிரைத் தரும் விளக்கு கிட்டில் கிடையாது. இதில் மட்டும் நிறுவனத்தை முழுதாகக் குறை சொல்ல மாட்டேன். லெப்பர்ட் கெக்கோ அந்தி நேரத்தில் நடமாடுகிற பிராணி, யூவிபி இல்லாமல் வைட்டமின் டி3 கலந்த கால்சியம் மட்டும் கொடுத்து நெடுங்காலம் நன்றாக வளர்த்தவர்கள் நிறையப் பேர் உண்டு. ஆனாலும் குறைந்த அளவு யூவிபி கொஞ்ச நேரம் கிடைத்தாலே அவற்றின் உடம்பில் வைட்டமின் டி கூடுகிறது என்று இப்போது தெரிந்திருக்கிறது, அதனால் நான் வைக்கிற பக்கம்தான். வைத்தால் ஒளியும் நிழலும் இரண்டும் இருக்க வேண்டும், கண்ணாடி வழியாக யூவிபி வராது என்பதை மறக்கக் கூடாது, விளக்கு எரிந்துகொண்டிருந்தாலும் அதன் யூவிபி குறைந்துகொண்டே போகும் என்பதால் ஏறக்குறைய வருடத்துக்கு ஒரு முறை மாற்ற வேண்டும். கருநிறமி இல்லாத அல்பினோ வகைகளுக்கு வெளிச்சம் ஆகாது, அங்கே இன்னும் கவனம்.

மணலுக்கு வருவோம், எனக்குக் கோபம் வந்த இடம் இதுதான். "செரிமானமாகும் கால்சியம் மணல், தின்றாலும் பாதுகாப்பு" என்று பையின் மேல் கொட்டை எழுத்தில் போட்டிருக்கிறார்கள். கால்சியம் குறைவான பல்லி மண்ணை நக்கித் தின்னும். இந்த மணல் கால்சியம் கார்பனேட், அதாவது தின்னத் தூண்டுகிற பொருளையே தரையில் கொட்டி வைக்கிறார்கள். ஈரம் பட்டால் இது கட்டிப்படுகிறது, நான் ஒரு தட்டில் தண்ணீர் தெளித்துப் பார்த்தேன், காய்ந்ததும் ஓடு போல ஆகிவிட்டது. குடலுக்குள் இதே வேலை நடந்தால் அடைப்புதான். அதிலும் சூடு சரியாக இல்லாத தொட்டியில் செரிமானம் ஏற்கெனவே மந்தமாக இருக்கும். இன்னொன்று, இந்த இனம் மணல்மேட்டுப் பிராணியே இல்லை. ஆப்கானிஸ்தான், பாகிஸ்தான், வடமேற்கு இந்தியா என்று வறண்ட பாறைப் பகுதிகளில், இறுகிய மண்ணிலும் கற்களின் இடுக்கிலும் வாழ்வது. புதிதாக வந்த பல்லிக்குச் சில வாரம் வெறும் டிஷ்யூ பேப்பர் போதும், எச்சம் எப்படி இருக்கிறது என்று தெளிவாகத் தெரியும். அப்புறம் கல்பலகையோ செராமிக் ஓடோ போடலாம், வளர்ந்த, ஆரோக்கியமான பல்லி என்றால் உரம் கலக்காத மேல்மண்ணோடு கொஞ்சம் சுத்தமான மணல் சேர்த்து இறுக்கிப் போடலாம், தோண்டி விளையாடும்.

தொட்டி நன்றாகத்தான் செய்திருக்கிறார்கள். முன்கதவு நறுக்கென்று மூடுகிறது, ஒட்டுவேலை சுத்தம், வலை உறுதி. ஆனால் வளர்ந்த கெக்கோவுக்கு இது வீடு இல்லை. இருபது, இருபத்தைந்து செ.மீ. நீளம் வளரும் பிராணிக்கு 45 செ.மீ. தொட்டி என்றால் இரண்டு முறை நீட்டிப் படுத்தால் முடிந்தது. இட நெருக்கடியைவிடப் பெரிய சிக்கல் வெப்பம்தான். பல்லி தன் உடம்புச் சூட்டை இடம் மாறி மாறித்தான் சரிசெய்துகொள்ளும், ஒரு பக்கம் 33, மறுபக்கம் 24 என்று வித்தியாசம் இருந்தால்தான் அது முடியும். இந்தத் தொட்டியில் சூடான பக்கத்தைச் சரிசெய்தால் குளிர்ந்த பக்கமும் மெல்லச் சூடாகிவிடுகிறது. எங்கே போகும் பாவம்? இப்போது அனுபவமுள்ளவர்கள் வளர்ந்த ஒரு பல்லிக்குச் சொல்கிற அளவு 90 செ.மீ. நீளம், 45 செ.மீ. அகலம், 45 செ.மீ. உயரம். லெப்பர்ட் கெக்கோவின் விரல்களில் ஒட்டும் பட்டைகள் கிடையாது, கண்ணாடியில் ஏறாது, ஆகவே உயரத்தைவிடத் தரைப்பரப்பு முக்கியம். குட்டியாக இருக்கிறது, பெரிய தொட்டியில் பயந்துவிடும் என்று சொல்வார்கள். மறைவிடங்கள் நிறைய இருந்தால் பயப்படாது.

மறைவிடம் என்றதும் ஞாபகம் வருகிறது, ஒரே குகை எப்படிப் போதும்? சூட்டில் ஒன்று, குளிரில் ஒன்று, ஈரமான பாசி வைத்தது ஒன்று. மூன்றாவது ரொம்ப முக்கியம். தோலுரிக்கும் நேரத்தில் ஈரம் இல்லாவிட்டால் விரல் நுனிகளில் பழைய தோல் வளையமாக இறுகி, ரத்த ஓட்டம் நின்று விரலே விழுந்துவிடும். மூடியுள்ள ஒரு பிளாஸ்டிக் டப்பாவில் வாசல் வெட்டி, ஓரத்தைத் தேய்த்து மழுக்கி, ஈரப்பாசி போட்டால் வேலை முடிந்தது, காசு கொடுத்து வாங்கக்கூட வேண்டாம். தோலுரித்த தடயமே காணோமே என்று தேடாதீர்கள், தானே தின்றுவிடும்.

உலர் மீல்வோர்ம் டப்பா தண்டம். கெக்கோ அசைகிற இரையைப் பார்த்துத்தான் பாயும். செத்துக் காய்ந்ததைச் சில பல்லிகள் இடுக்கியில் ஆட்டினால் சாப்பிடும், ஆனால் அதில் ஈரமும் இல்லை, அதையே தினசரி உணவாக நம்ப முடியாது. உயிருள்ள சிள்வண்டு, டூபியா கரப்பான், மீல்வோர்ம், பிளாக் சோல்ஜர் ஈயின் புழு என்று மாற்றி மாற்றிக் கொடுக்க வேண்டும். பூச்சியின் அளவு பல்லியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள அகலத்தைத் தாண்டக் கூடாது. குட்டிக்குத் தினமும், வளர்ந்ததற்கு வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. பூச்சிகளுக்கே ஒரு நாள் முன்னால் இலை, காய் என்று நல்ல தீனி போட்டுவிட வேண்டும், பட்டினிப் பூச்சியைத் தின்பதில் பல்லிக்கு லாபம் இல்லை. இந்தப் பூச்சிகளில் பெரும்பாலானவற்றில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் குறைவு (சோல்ஜர் ஈப்புழு மட்டும் விதிவிலக்கு), அதனால் பொடி தூவாமல் கொடுத்தால் எலும்பு மெலிந்து தாடை இளகி, கால் வளைந்து, நடுங்க ஆரம்பிக்கும். வளைந்த எலும்பு அப்புறம் முழுதாக நிமிராது. கிட்டில் வந்த கால்சியம் பொட்டலம் நல்ல பொருள்தான், ஆனால் மாதிரிக்குக் கொடுத்த அளவு. மல்டிவைட்டமின் தனியாக வேண்டும். மின்மினிப் பூச்சியைத் தவறியும் கொடுக்காதீர்கள், அது விஷம். வெளியில் பிடித்த எந்தப் பூச்சியையுமே நான் கொடுப்பதில்லை, எந்த மருந்து தெளித்த செடியில் இருந்ததோ.

கையேடு இரண்டு பக்கம். "இரண்டு கெக்கோக்கள் ஒன்றாக மகிழ்ச்சியாக வாழும்" என்று ஒரு வரி. இவை தனித்து வாழ்கிற பிராணிகள். ஆண்கள் இரண்டு என்றால் சண்டை, ஆணும் பெண்ணும் என்றால் ஓயாத முட்டை, பெண்கள் இரண்டு என்றால் வெளியில் தெரியாமல் ஒன்று மற்றதைச் சூடான இடத்துக்கும் தீனிக்கும் விடாது. ஒன்றன் மேல் ஒன்று படுத்திருப்பதைப் பாசம் என்று படம் எடுத்துப் போடுகிறார்கள், அது இடப் போட்டி. அப்புறம் "5 முதல் 7 ஆண்டுகள் வாழும்" என்று இன்னொரு வரி. சரியாகப் பார்த்துக்கொண்டால் பதினைந்து, இருபது வருடம் சாதாரணமாக இருக்கும். பத்து வயதுப் பெண்ணுக்கு வாங்கிக் கொடுத்தால் அவள் படிப்பு முடித்து வேலைக்குப் போன பிறகும் பல்லி இருக்கும். இதைத் தம்பியிடம் சொன்னதும் முகம் கொஞ்சம் மாறியது. பெட்டி மேலேயே இதை அச்சடித்திருந்தால் விற்பனை குறையுமோ என்னவோ.

பெட்டிக்குள் ஒரு கூப்பனும் இருந்தது: கிட் வாங்கியவர்களுக்குக் கெக்கோ தள்ளுபடியில், அதே கடையில், அன்றே எடுத்துக்கொள்ளலாம். எல்லாவற்றிலும் மோசமான யோசனை இதுதான். தொட்டியைத் தயார் செய்து, குறைந்தது ஒரு வாரமாவது வெறுமையாக ஓட்டி, பகல் இரவு வெப்பம் நிலையாக நிற்கிறதா என்று பார்த்த பிறகுதான் பல்லியைப் பற்றி யோசிக்க வேண்டும். ஆனாலும் போய்ப் பார்த்தோம். ஒரே தட்டில் ஏழெட்டுக் குட்டிகள், அளவு வேறு வேறு, இரண்டுக்கு வால் அறுந்திருந்தது. எப்போது பொரித்தது, என்ன தின்கிறது, யாரிடமிருந்து வந்தது என்று கேட்டதற்குக் கடைப் பையன் "எல்லாம் நல்லா சாப்பிடும்" என்றான். "ஆண் பெண் ஜோடியா எடுத்துக்கோங்க" என்று வேறு. அந்த வயதுக் குட்டியில் பார்த்துச் சொல்ல முடியாது. ஆண்களுக்குப் பின்கால்களுக்கு நடுவில் 'வி' வடிவில் தெரிகிற துளைகள் சில மாதம் ஆன பிறகுதான் தெளிவாகும். முட்டை பொரிக்க வைக்கும் வெப்பத்தை வைத்து ஓரளவு ஊகிக்கலாம் (27 டிகிரி பக்கம் என்றால் பெரும்பாலும் பெண், 32, 33 பக்கம் என்றால் பெரும்பாலும் ஆண்), ஆனால் அதற்கு முட்டை எந்த வெப்பத்தில் இருந்தது என்ற கணக்கு விற்பவரிடம் இருக்க வேண்டுமே. பையனைக் குற்றம் சொல்ல ஒன்றுமில்லை, அவனுக்கு யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை.

பல்லியைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் பார்ப்பது வால். கொழுப்பைச் சேமிக்கிற இடம் அதுதான், பருத்து இருக்க வேண்டும். குச்சி மாதிரி ஒட்டிய வால் என்றால் வயிற்றுப் புழுவாகவும் இருக்கலாம், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியாகவும் இருக்கலாம். பின்னது வந்தால் நம்பகமான மருந்து இல்லை, மற்ற பல்லிகளுக்கும் பரவும். பாவப்பட்டு அதை வாங்கிவிடாதீர்கள், அந்த இடத்துக்கு அடுத்த நோஞ்சான் வந்துவிடும். கண் இரண்டும் முழுதாகத் திறந்து தெளிவாக இருக்க வேண்டும். எல்லா விரலும் இருக்கிறதா, மலத்துவாரத்தைச் சுற்றிக் கறை இல்லையா, நடக்கும்போது வயிறு தரையில் இழுபடாமல் தூக்கி நடக்கிறதா, தாடை நேராக இருக்கிறதா. நம் முன்னால் சாப்பிடச் சொல்லிப் பார்ப்பதில் தப்பே இல்லை. வால் அறுந்து மீண்டும் முளைத்தது என்றால் உருண்டையாக, வரி இல்லாமல் இருக்கும், அது நோய் இல்லை, அழகு குறைவு என்று ஒதுக்க வேண்டாம்.

நிறத்துக்காக வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. எனிக்மா என்ற வகையில் தலை சாய்வது, ஒரே இடத்தில் சுற்றிச் சுற்றி வருவது, இரையைக் குறி தவறுவது என்று நரம்புக் கோளாறு அந்த மரபோடு சேர்ந்தே வருகிறது. லெமன் ஃப்ராஸ்ட் இன்னும் மோசம், அந்த மஞ்சளும் வெள்ளையும் கண்ணைப் பறிக்கும், ஆனால் 2021இல் வெளியான மரபணு ஆய்வு அந்த நிறத்தையே ஸ்பின்ட்1 என்ற மரபணுவோடும் தோல் கட்டிகளோடும் இணைத்துக் காட்டியது. அந்த மரபுள்ள பல்லிகளில் 80 சதவீதத்துக்கும் மேல் கட்டி வருகிறது. தெரிந்தே இவற்றை இனப்பெருக்கம் செய்து விற்பவரிடம் நான் வேறு எந்தப் பல்லியையும் வாங்க மாட்டேன்.

கடைசியில் வீட்டிலேயே சின்ன அளவில் இனப்பெருக்கம் செய்கிற ஒருவரைப் பார்த்தோம். பொரித்த தேதி, வாராவாரம் எடை, எப்போது என்ன தின்றது என்று நோட்டில் எழுதி வைத்திருந்தார். தாய்ப் பல்லியைக் காட்டினார். எங்களிடம் அவர்தான் அதிகம் கேள்வி கேட்டார்: தொட்டி எவ்வளவு நீளம், தரை வெப்பம் எத்தனை, வெளியூர் போனால் யார் பார்ப்பார்கள், பூச்சியை யார் தொடுவார்கள். தம்பி மனைவி கரப்பான் என்றதும் எழுந்து போய்விட்டார், அது தனிக்கதை. வளர்க்க முடியாமல் பிறர் விட்டுவிடுகிற வளர்ந்த பல்லிகளைத் தத்தெடுக்கிற வழியும் இருக்கிறது. குட்டியைவிட வளர்ந்தது சுலபம், ஆணா பெண்ணா என்று தெரியும், குணமும் தெரியும். முதல் முறை வளர்ப்பவர்களுக்கு நான் அதைத்தான் சொல்வேன்.

பூச்சியே ஆகாது என்றால் கிரெஸ்டட் கெக்கோவைப் பார்க்கலாம். நியூ கலிடோனியாவைச் சேர்ந்தது, அழிந்துவிட்டது என்றே நினைத்திருந்தார்கள், 1994இல் மறுபடி கண்டுபிடித்தார்கள். தண்ணீரில் குழைக்கிற பொடித் தீனியே அதற்கு முக்கிய உணவு. உயரமான தொட்டி, ஈரப்பதம் அதிகம் வேண்டும், சூடு 28 டிகிரியைத் தாண்டினால் தாங்காது, அதனால் வெப்பமான ஊரில் இதை வைப்பது லெப்பர்ட் கெக்கோவைவிடக் கஷ்டம். வால் போனால் திரும்ப முளைக்காது. டோக்கே கெக்கோ முதல் முறை வளர்ப்பவர்களுக்கு இல்லை. கடித்தால் விடாது, விற்பனைக்கு வருவதில் காட்டில் பிடித்தவை நிறைய, 2019இல் இருந்து சைட்டிஸ் (உயிரின வணிகத்தைக் கட்டுப்படுத்தும் சர்வதேச ஒப்பந்தம்) இரண்டாம் பட்டியலில் அதன் சர்வதேச வணிகம் கட்டுப்பாட்டில் இருக்கிறது. எந்த இனமானாலும் காட்டிலிருந்து பிடித்தது என்றால் வேண்டாம். சட்டம் நாட்டுக்கு நாடு வேறு, ஆஸ்திரேலியாவில் வெளிநாட்டு ஊர்வனவற்றைத் தனியார் வளர்க்கவே அனுமதி இல்லை. தொட்டி வாங்குவதற்கு முன்னால் உங்கள் இடத்துச் சட்டத்தைப் பாருங்கள், விற்பவர் "எல்லாரும் வளர்க்கிறாங்க" என்று சொல்வது சட்டம் ஆகாது.

ஊர்வனவற்றைப் பார்க்கிற மருத்துவர் யார், எங்கே என்று பல்லி வருவதற்கு முன்பே தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள், நாய் பூனை பார்க்கிற எல்லோரும் இதைப் பார்ப்பதில்லை. வந்த கொஞ்ச நாளில் எச்சப் பரிசோதனை ஒன்று செய்துவிடுங்கள். ஏற்கெனவே வேறு ஊர்வன இருந்தால் புதியதைத் தனி அறையில், தனி இடுக்கி, தனித் தட்டோடு மாதக்கணக்கில் வைக்க வேண்டும். சமையலறைத் தராசு மாதிரி ஒன்றில் வாரம் ஒரு முறை எடை பாருங்கள், காரணமில்லாமல் பத்து சதவீதம் குறைந்தால் காத்திருக்க வேண்டாம். ஆரோக்கியமான பல்லியும் சால்மோனெல்லா கிருமியைச் சுமக்கும், தொட்ட பிறகு கை கழுவுவது கட்டாயம், ஐந்து வயதுக்குள் இருக்கிற குழந்தைகள் தொடவே வேண்டாம். முதல் இரண்டு வாரம் யாருமே கையில் எடுக்காமல் இருப்பது நல்லது. அப்புறம் எடுக்கும்போதும் மேலிருந்து கையைக் கொண்டுபோகாமல் பக்கத்திலிருந்து கொண்டுபோங்கள், வாலைப் பிடிக்காதீர்கள்.

சரி, கிட்டை என்ன செய்தோம்? பல்பையும் மணலையும் உலர் புழுவையும் கடை திரும்ப எடுத்துக்கொள்ளவில்லை, முழுப் பெட்டியாகத் தந்தால்தான் என்றார்கள். மணல் குப்பைக்குப் போனது. மேட்டைத் தெர்மோஸ்டாட்டில் மாட்டியதும் 33இல் ஒழுங்காக நிற்கிறது, அதனால் அது தப்பித்தது. சின்னத் தொட்டியை நான் எடுத்துக்கொண்டேன், மருத்துவரிடம் கொண்டுபோகவும் புதுப் பல்லியைத் தனியாக வைக்கவும் உதவும். 90 செ.மீ. தொட்டி, தெர்மோஸ்டாட், டிஜிட்டல் வெப்பமானிகள், விளக்கு எல்லாம் தனித்தனியாக வாங்கினோம். கிட்டையும் சேர்த்துக் கூட்டினால் தம்பிக்கு இரட்டைச் செலவு. நேரடியாகத் தனித்தனியாக வாங்கியிருந்தால் கிட்டின் காசு மிச்சம். தொட்டி இப்போது காலியாக ஓடிக்கொண்டிருக்கிறது, தம்பி மகள் காலையும் மாலையும் வெப்பத்தைக் குறித்து எனக்கு அனுப்புகிறாள். குளிர்ந்த பக்கம் மதியத்தில் 26க்குப் போகிறது, மேட்டைச் சுவரோரம் இன்னும் தள்ளி வைக்கச் சொல்லியிருக்கிறேன், அது சரியான பிறகுதான் அந்த நோட்டுக்காரரிடம் போவோம்.